ரப்பர் பால் பூசிய பலகை

அன்புள்ள மெரினாவோட அப்பாவுக்கு ஜொய்சி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்துல நானும் பிள்ளையும் சுகம். தோஹாவுல நீங்களும் சுகமா இருக்க வேண்டிக்கிறோம்.

வாய்ஸ் அனுப்பாம, எழுதிப் போட்டோ புடிச்சு அனுப்புறாளேன்னு யோசிக்காதீங்க. ஒட்டி ஒட்டிக் கட்டின நம்ம லயத்து வீட்டுச் சுவர் உங்களுக்குத் தெரியாததா? பேசினா அடுத்த காம்பராவுல உங்க தம்பி ரெஜினோல்ட்டுக்குக் கேட்டுடும். விஷயமே அவனப் பத்தித்தான்.

வெள்ளத்துல பாலம் போனதுல இருந்து பிள்ளைங்க ஆத்தத் தாண்டி ஸ்கூலுக்குப் போறது அவன் தோணியிலதான். அதுக்குக் கால் வைக்கிற அடித்தட்டு புதுசாப் போடுறப்ப, நீங்க அங்க படகு கட்டுற யாட்ல செய்யிற மாதிரியே அவனுக்குப் போன்ல சொல்லிக் குடுத்தீங்க. ப்ளைவூட்டோட ஓரத்தப் பாரு, அடுக்குக்குள்ள ஓட்டை இருக்கக் கூடாது, துண்டு வெட்டிக் கொதிக்க வச்சுப் பாரு, ஓரத்துக்கும் ஆணி ஓட்டைக்கும் தண்ணி புகாத எபொக்சிப் பசை பூசுன்னு. மாவனல்லைப் பலகைக் கடை அப்துல் ரஸாக் நானாவும் அலுமாரிப் பலகையத் தண்ணிக்குக் கொண்டு போகாதீங்கன்னு சொல்லியிருக்காரு. உங்க தம்பித் தொரை கேட்டாரா? பளபளன்னு இருந்ததத் தூக்கிட்டு வந்தாரு. நான் ஒரு துண்ட சோத்துப் பானையில கொதிக்க வச்சேன், ஏடு ஏடாப் பிரிஞ்சுது. காட்டினா சிரிக்கிறான். ரப்பர் தோட்டத்துல பொறந்துட்டு எபொக்சி எதுக்கு அண்ணி, நம்ம பாலைத் தாண்டித் தண்ணி போயிடுமான்னு கேட்டு, மேலயும் கீழயும் ரப்பர் பாலையே பூசிக் காய வச்சான்.

லயமே மெச்சிச்சு. குடிய விட்ட பிறகு அவன நாலு பேர் நல்லபடியாச் சொன்னது அப்பதான். அவன் மொகத்தப் பாத்து எனக்கும் சந்தோஷம், பொய் சொல்ல மாட்டேன்.

போன மாசம் தட்டுல கால் வச்சா ஒரு ஓரம் அமுங்குச்சு. ஆணி ஓட்டை வழியாப் போன தண்ணி வெளிய வர முடியாம, ரப்பர் தோலுக்கடியிலயே நின்னு பலகைய ஊற வச்சிருக்கு. தனியாக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். அண்ணிக்கு எதுக்கெடுத்தாலும் பயம்னு போயிட்டான். நேத்து ராவெல்லாம் மழை, ஆறு கலங்கி ஓடுது. இன்னைக்குக் காலையில பிள்ளைங்க ஏற நிக்குதுங்க, எனக்குப் பொறுக்கல. கரையில கட்டியிருந்த தோணியில நானே ஏறி, அந்த ஓரத்தக் குதிகாலால ஓங்கி மிதிச்சேன். பலகை பிஞ்சு, கால் முழங்கால் வரைக்கும் உள்ள போயிடுச்சு.

தாய்மார் அவனத் திட்டின திட்டு இருக்கே, ஐயோ! குடிகாரன்னு மறுபடியும் சொல்லிட்டாங்க. அவன் தோணியக் கரையிலயே விட்டுட்டு லயத்துக்கு நடந்துட்டான். வந்து கதவச் சாத்தினவன் பொழுது சாஞ்சும் தொறக்கல, சோறும் வேணாம்னுட்டான். மிதிச்சதுக்கு நான் வருந்தல. ஆனா எல்லார் முன்னுக்கும் அவன இப்படி நிக்க வச்சதுக்குத்தான் வருந்துறேன்.

நீங்க இப்பவே அவனுக்குப் போன் கோல் எடுங்க. தயவுசெஞ்சு ஏசாதீங்க, பலகைப் பேச்சே வேணாம். சாப்பிட்டியாடான்னு கேளுங்க. அவன் போனத் தூக்கலன்னா திரும்பத் திரும்ப அடிங்க. நான் கூப்பிட்டா வாய் தொறக்க மாட்டேங்கிறான், அண்ணன் குரலுக்குத் தொறப்பான்.

அவன் சமைக்கிற பின்பக்கக் குசினியில ரப்பர் பால் உறைய வைக்கிற அசிட் போத்தல் இருந்துச்சு. சத்தமில்லாமப் போய் எடுத்து, பக்கத்து லயத்துத் தெரேசம்மா அக்காகிட்டக் குடுத்து வச்சிருக்கேன். எதுக்குன்னு கேட்டாங்க, அவன் கண்ணுல படாம வைங்கன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன். நீங்களும் கேக்காதீங்க.

மாதா அவனக் கைவிட மாட்டாங்க. சீக்கிரம் கோல் எடுங்க.

உங்கள்
ஜொய்சி