ஏழு ஏ, மூன்று பி

வெள்ளி
கச்சான் காற்று. முற்றம் முழுக்க மணல்.
அசர் தொழுகைக்குப் பிறகு பக்கத்து வளவில், தங்கச்சி வீட்டில் இருந்தவர்கள்: தங்கச்சி நஸ்ரின், என் மகள் சுமையா, நான். மூன்று பேர். என்னை யாரும் கூப்பிடவில்லை. தட்டுத் திருப்பிக் கொடுக்கும் சாட்டில் போனேன்.

மேசையில் இருவரும் தலையோடு தலை. சுமையாவின் கெம்பஸ் சராசரி 3.10. நல்ல வகுப்பில் தேர்ச்சி பெற 3.30 வேண்டும். அது இல்லாவிட்டால் அவள் ஆசைப்படும் உதவி விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பமே போட முடியாது. மிச்சம் ஒரு வருடம், பத்துப் பாடம். ஏக்கு 4 புள்ளி, பிக்கு 3.

நஸ்ரின் டீச்சர் அல்லவா. சிவப்புப் பேனை.
"இதுவரைக்கும் 3.10. இனி 3.50 எடு. ரெண்டையும் கூட்டி ரெண்டால பிரி. 3.30 வந்திட்டா? அஞ்சு ஏ, அஞ்சு பி போதும் மகள்."
"ஓம் சாச்சி."
அந்த ஓம். எனக்கு ஒரு நாளும் அப்படி ஒரு ஓம் கிடைத்ததில்லை.
எட்டிப் பார்த்தேன். "ராத்தா, இது அரிசிச் சிட்டை இல்ல கா," என்றாள். சுமையாவும் சிரித்தாள்.

ஐந்து பி போதுமென்றதால், எப்போதும் ஏ எடுக்கும் அரபு இரண்டு பாடத்தையும் விடப் போகிறாளாம். பதிலுக்குப் புள்ளிவிபரவியல் இரண்டு. அதில் அவளுக்கு பி தான் வரும். ஆனால் சாச்சியிடம் நோட்ஸ் இருக்கிறதே. அரபுக்கு என்னோடு உட்காருவாள். அதுவும் இனி இல்லை. பதிவு வியாழனோடு முடிகிறது.

சனி
பாரை மீன், முருங்கைக்காய். உப்புக் கூடிவிட்டது.
பெறுபேற்றுத் தாளை அலுமாரியிலிருந்து எடுத்தேன். முடிந்தது 60 கிரெடிட். மிச்சம் 30. இரண்டும் எப்படிச் சமம்? இரண்டு சுண்டு வெள்ளை மாவில் ஒரு சுண்டு சிவப்பு மா போட்டால் நிறம் நடுவிலா நிற்கும்?
90 × 3.30 = 297
60 × 3.10 = 186
மிச்சம் 111. முப்பதால் பிரித்தால் 3.70.
ஏழு ஏ, மூன்று பி. ஐந்து ஐந்து இல்லை.
மூன்று தரம் போட்டேன். அதே விடை. நான் விகிதம் படித்தது நஸ்ரின் எறிந்த எட்டாம் வகுப்புப் புத்தகத்தில்.

ஞாயிறு
சுபஹ் தொழுகையிலும் 3.70. யா அல்லாஹ்.
நஸ்ரின் பிழை விட்டாள் என்று மனசு குளிர்கிறது. இதற்குப் பெயர் ஹஸத். பொறாமை என்று தமிழிலும் எழுதி வைக்கிறேன்.
சுமையாவின் வாப்பாவிடம் மட்டும் சொன்னேன்.
"அப்ப சொல்லன். என்னத்துக்குப் பாத்துக்கிட்டு இரிக்காய்?"
"நான் சொன்னா, அரபு எடுக்க வைக்கத்தான் சொல்றன் எண்டுவாள்."
"அதுக்குத்தானே சொல்ற?"
எழும்பிப் பாத்திரம் கழுவினேன்.

திங்கள்
சுமையா விடுதிக்குப் புறப்பாடு. வாசலில் சிநேகிதியோடு போனில்: "எல்லாம் சாச்சிதான் பாத்துத் தந்தவ. உம்மாக்கு இதெல்லாம் விளங்காது டீ."
பையில் மாசிச் சம்பல் போத்தல் வைத்தேன். ரிசல்ட் வரட்டும், அப்போது தெரியும் டீச்சர் யார் என்று ஒரு நினைப்பு. பஸ் போன பிறகுதான் உறைத்தது: நான் காத்திருப்பது என் பிள்ளை தோற்பதற்கு.

செவ்வாய்
தவ்பா, பாவமன்னிப்புக் கேட்டேன். காலையிலேயே போனை எடுத்தேன். முதலில் சுமையாவுக்கு எழுதி அழித்தேன். அதில் நஸ்ரினின் பெயர் மூன்று தரம். பிறகு நஸ்ரினுக்கு. அனுப்பியது இது:

"நஸ்ரின், சுமையா முடிச்சது 60 கிரெடிட், மிச்சம் 30. ரெண்டால பிரிக்க ஏலாது. 3.70 வேணும், ஏழு ஏ. நீயும் ஒருக்கா போட்டுப் பாரு. புள்ளிவிபரம் ரெண்டும் எடுத்தா ஏழு ஏ கஷ்டம். அரபு எடுத்தா என்னோட இருப்பாள் எண்ட ஆசையும் எனக்கு இரிக்கி, அதையும் சொல்லிப் போடுறன். அவளுக்கு இன்னும் சொல்லல்ல. நீ சொல்றியா, நான் சொல்லட்டா? வியாழன் பதிவு முடியுது. நாளைக்குப் பகல் லுஹருக்கு முந்திப் பதில் தா."