எட்டாம் மாதத்துக் கித்தார்

அன்பு மச்சானுக்கு,

ஸலாம். ஃபோனில் கேட்டால் லைன் சரியில்லை என்பீர்கள், அதனால் எழுதுகிறேன்.

ஆனி பிறந்தால் "குத்தாலத்துல சாரல் விழுதா?" என்றுதான் முதலில் கேட்பீர்கள். இந்த வருடம் கேட்கவில்லை. மூன்று வெள்ளிக்கிழமைகளாக ஃபோனில் கன்ட்ரி மியூசிக் என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டின் வரலாறுதான். 1927இல் அமெரிக்காவின் பிரிஸ்டலில், இசைத்தட்டுப் பதிவுக்கு எட்டு மாத வயிற்றோடு வந்து ஒருத்தி கித்தார் வாசித்தாள் என்றபோது உங்கள் குரல் தழுதழுத்தது.

சாஜிதா என் வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோது நீங்கள் ஊருக்கு வரும் லீவைத் தள்ளிப்போட்டீர்கள்.

அவள் நேற்றுச் சிரித்தாள். "கல்யாண வீட்டுல பாட்டு போட்டாலே அத்தா எந்திரிச்சுப் போயிருவாரு. இப்பம் இதெல்லாம் யாரும்மா சொல்லிக் குடுக்கா?"

தென்காசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டேன்.

பாட்டைப் பற்றி இனி வேண்டாம். அங்கே, துபாயில், அவளுக்கு இப்போது எத்தனையாவது மாதம் என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மகளைப் பெற்றவள்