பழனிக்கு நேர்ந்த முடி

தை 9, 1958. உடுமலை.

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பையன் காய்ச்சலில் கிடந்தபோது, நடந்தே வந்து பழனியில் மொட்டை போடுவதாக நேர்ந்து, ஒரு வருஷமாக வளர்த்த முடி. தாடி அரிக்கிறதே, அதை மட்டும் எடுப்போம் என்று இந்த ஊர் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்தேன். மூன்று நாள் நடந்த அலுப்பில் அசந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் தலை மொட்டை!

"காவி வேட்டியப் பார்த்தனுங்க. பழனிக்குத்தானேன்னு எடுத்துப்போட்டனுங்க. காசு வேண்டாமுங்க" என்கிறான் கடைக்காரன். புண்ணியம் செய்தானாம்!

"அடப் பாவி, அது முருகனுக்கு நேந்த முடியய்யா!" என்று கத்தினேன். அதற்குள் கூட்டிப் பெருக்கி மூலையில் தள்ளியிருந்தான். மலையில் செலுத்தலாம் என்று கிளறி எடுத்துத் துண்டில் முடிந்து வந்தேன். இப்போது அவிழ்த்துப் பார்க்கிறேன், பாதி நரைமுடி. என் தலையில் ஒரு நரை கிடையாது.