இட்லிப் பானையில் வெந்த கிறிஸ்துமஸ்

அண்ணி,

இன்று காலை உங்கள் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். திறந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கரண்டிக் காம்பால் நெம்பினேன். எட்டு மாதமாக யாரும் தொடாததால் மூடி துருப்பிடித்து முரண்டு பிடித்தது. உள்ளேயிருந்து முதலில் வந்தது காய்ந்த ஆரஞ்சுத் தோலின் வாசனை. அதற்குப் பின்னால் கிராம்பு. அடியில் உங்கள் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம்: "திராச்சை, பூசனி, நை." மூன்று சொல்லுக்கு மூன்று தப்பு. தமிழ் கற்றுக்கொடுத்தவள் நான்தானே, வேறு எப்படி இருக்கும்?

அண்ணன் இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலை படிக்கப் போய், கூட வேலை பார்த்த உங்களைக் கல்யாணம் செய்து மலேசியாவுக்கு, நம் ஈப்போவுக்குக் கூட்டி வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. அங்கே புந்தோங்கில் எங்கள் வீட்டு வரிசையே வாசலுக்கு வந்து பார்த்தது. வெயிலில் நீங்கள் தக்காளி மாதிரி சிவந்து நின்றீர்கள். "வெள்ளக்காரின்னாங்க, செவப்பா இருக்காங்களே லா" என்று நான் சொன்னதற்கு அம்மா தொடையில் கிள்ளினாள். நீங்கள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

மூன்று மாதத்தில் உங்களுக்கு ஊர் ஏக்கம் வந்தது. அது வயிற்று வழியாக வந்தது. சனிக்கிழமைகளில் டவுனில் இருந்த குளிர்சாதனக் கடைக்கு என்னை அழைத்துப் போவீர்கள். துரைமார் வீட்டு அம்மாக்கள் கார் வைத்துக்கொண்டு வரும் கடை. உங்கள் ஊர் ஜாம், கஸ்டர்டு, கடுகுத் தூள், கேக் மாவு எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். நீங்கள் ஒரு டின்னை எடுப்பீர்கள், திருப்பி விலையைப் பார்ப்பீர்கள், எடுத்த இடத்திலேயே வைப்பீர்கள். பிறகு அடுத்த டின். அண்ணன் சம்பளத்தில் ஆறு பேர் சாப்பிடும் வீடு. உங்களுக்கு இன்னும் வேலைக்கு அனுமதி வந்திருக்கவில்லை.

"அண்ணி, இந்தக் கடையில ஏன் இவ்ளோ குளிர் தெரியுமா? வெலயப் பாத்து மயங்கி விழுறவங்களைத் தெளிய வைக்க."

நீங்கள் அதைப் பாதி புரிந்துகொண்டு முழுதாகச் சிரித்தீர்கள். ஆனால் வெளியே வந்ததும் வெறும் பையை மடித்து மடித்துக் கையகலம் ஆக்கினீர்கள். அதைப் பார்த்த பிறகுதான் என் குறும்பு மூளை உருப்படியாக வேலை செய்தது.

உங்கள் ஊர்ச் சாமான் எல்லாம் எங்கள் தெருவிலேயே வேறு பெயரில் இருந்தது, அண்ணி. கிறிஸ்துமஸ் புட்டிங்குக்கு வேண்டும் என்று நீங்கள் சொன்ன பாகு போட்ட பழத் தோலுக்குச் சீன மருந்துக் கடையில் காய்ந்த ஆரஞ்சுத் தோல் கிடைத்தது. பக்கத்து ஜாடியில் சீனப் பெருநாளுக்கு விற்கும் சர்க்கரைப் பூசணி. கறுப்புச் சர்க்கரைக்குப் பசார் சந்தையில் கூலா மலாக்கா, அதாவது தென்னை வெல்லம். சாயங்காலம் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் மிச்சமாகிற பழைய ரொட்டி. உங்கள் ஊர்ச் சாப்பாட்டு மேசைச் சாஸ் ஒன்றுக்காக ஏங்கினீர்களே, அது ஹைனான் சீனக் காப்பிக் கடைக்காரர் பொரித்த கோழி மேல் ஊற்றுகிற அதே சாஸ். காலி பாட்டில் கொண்டுபோனால் ஊற்றிக் கொடுத்தார்.

திராட்சைக்கு நம் மளிகைக் கடை. அங்கேதான் என் வால்தனத்தைக் காட்டினேன். "புதுசா போற கடையில கடைக்காரரைக் கையெடுத்துக் கும்பிடணும், அதான் எங்க வழக்கம்" என்று சொல்லிவிட்டு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீங்கள் நேரே போய், "வணக்கம் அண்ணே" என்று சாமியைக் கும்பிடுவது போலக் கும்பிட்டீர்கள். கடைக்கார அண்ணன் ஸ்டூலிலிருந்தே எழுந்துவிட்டார். "ஐயோ, என்னாம்மா இது! தோட்டத்துல நாங்க துரைசானியக் கும்பிட்டோம். நீங்க என்னைய கும்பிடுறீங்களே!" அன்றிலிருந்து உங்கள் பொட்டலத்தில் எப்போதும் ஒரு கை திராட்சை கூடுதல். நான் வைத்த வெடி எனக்கே புஸ்ஸென்று போனது அன்றுதான்.

இப்படி நான் சொல்லிக்கொடுத்த பொய் வழக்கங்கள் ஒரு டஜன் இருக்கும். ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை. கோயிலில் சூடம் எரிவதைப் பார்த்து, "இதில் சத்தியம் செய்வார்களாமே?" என்று கேட்டீர்கள். எரியும் சூடத்தைப் பட்டென்று அடித்து அணைப்பதுதான் சத்தியம். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "அது தானா அணையிற வரைக்கும் கையை மேல வச்சிருக்கணும். உண்மை பேசுறவங்களைச் சுடாது" என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள்.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வந்த நாளிலிருந்து நீங்கள் சமைத்த எதையும் அவள் வாயில் வைத்ததில்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. "வயிறு சரியில்ல" என்பாள். கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில், துரை பங்களாவைக் கூட்டப் போவாளாம். "அவங்க குசினியில எல்லாத்துலயும் மாடு" என்று எங்களிடம் சொல்வாள். அம்மா மாட்டுக்குப் பொங்கல் வைக்கிறவள். நீங்கள் ஒவ்வொரு நாளும் அவள் தட்டைப் பார்ப்பீர்கள். "அம்மா என் கையில் சாப்பிடும் நாள், அன்றைக்கு நான் இந்த வீடு" என்று ஒருநாள் என்னிடம் சொன்னீர்கள். அந்த வாக்கியத்தை மட்டும் நான் திருத்தவில்லை.

அந்த டிசம்பரில் புட்டிங் செய்தீர்கள். உங்கள் அம்மாவின் குறிப்பில் மாட்டுக் கொழுப்பு என்று இருந்ததை அடித்துவிட்டு நெய் ஊற்றினீர்கள். நெய் டின்னைத் தூக்கி வந்தவளே நான். துணியில் மூட்டை கட்டி, இட்லிப் பானையில் அரைநாள் வேகவைத்தீர்கள். "நம்ம புட்டு இங்கிலாந்து போய்ப் படிச்சிட்டு வந்தா புட்டிங்" என்று வரிசை முழுக்க அறிவித்தேன். வாசனை அம்மாவை இழுத்து வந்தது. கூலா மலாக்கா, நெய், கிராம்பு. அவளுக்குத் தெரிந்த வாசனைதானே எல்லாம். ஒரு துண்டு தின்றாள். இன்னொன்றுக்குத் தட்டை நீட்டினாள். நீங்கள் கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றீர்கள்.

அப்போது இந்த வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"ருசியா இருக்காம்மா? மாட்டுக் கொழுப்புலா!"

ஒரு நிமிடம் அலறுவாள், பிறகு சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன். அம்மா பின்கட்டுக்கு ஓடினாள். வாந்தி எடுக்கும் சத்தம், அப்புறம் தலையில் தண்ணீர் ஊற்றும் சத்தம். "சும்மா சொன்னேம்மா, நெய்தான்!" என்று கதவைத் தட்டினேன். ஈரத் தலையோடு வந்து, "உன் வாயில எது நெசம், எது பொய்னு எனக்கு எப்படிடி தெரியும்?" என்றாள். அண்ணன் சொன்னதையும் அம்மா நம்பவில்லை. "நீ பொண்டாட்டிக்குத்தான் பேசுவ." மூன்று நாள் தனி அடுப்பு மூட்டித் தனியாகச் சமைத்துத் தின்றாள். நீங்கள் தொட்ட பானையைக்கூடத் தொடவில்லை. மூன்றாம் நாள் கட்டிலுக்கடியிலிருந்து உங்கள் பெட்டி வெளியே வந்திருந்தது. திறக்கவில்லை, வெளியே மட்டும் இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா சாமி படத்துக்கு முன் சூடம் ஏற்றியபோது நீங்கள் பக்கத்தில் போய் மண்டியிட்டீர்கள். "அம்மா. நெய். மாடு இல்லை" என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையைச் சுடர் மேல் வைத்தீர்கள். வைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

எனக்கு மட்டும்தான் புரிந்தது. அம்மாதான் சூடத் தட்டைக் கையால் தட்டிவிட்டாள். "பைத்தியமாடி ஒனக்கு! யாராச்சும் இப்படி வைப்பாங்களா?" என்று உங்கள் கையை இழுத்துப் பானைத் தண்ணீரில் அமுக்கினாள். முதல் முறையாக உங்களை 'டி' போட்டாள். அதுவரைக்கும் 'அந்தப் பொண்ணு'தான். அப்புறம் கட்டுப் போட்ட கைக்காரிக்குச் சோறு பிசைந்து ஊட்டிவிட்டு, துணியில் மிச்சமிருந்த புட்டிங்கைப் பிய்த்துத் தானும் தின்றாள். அழுதுகொண்டே தின்றாள்.

பிறகு உங்களிடம் வந்து, வழக்கம் என்று நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். நீங்கள் கட்டுப் போட்ட கையைக் காட்டி, "தங்கச்சி, நான் நர்ஸ். தீ எல்லாரையும் சுடும், எனக்குத் தெரியும்" என்றீர்கள். "அப்புறம் ஏன் அண்ணி?" என்றேன். "அம்மாவுக்கு ஒரு சத்தியம் வேணும். எனக்கு வேற தெரியாது." யார் சொல்லிக்கொடுத்தது என்று அம்மா எத்தனை முறை கேட்டும் நீங்கள் சொல்லவில்லை. இந்தச் சித்திரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, உள்ளங்கையில் அந்த வட்டத் தழும்பு என் விரலுக்குத் தட்டுப்பட்டது. அதைத் தடவித் தடவித்தான் அந்தக் கடைசி மத்தியானத்தை ஓட்டினேன்.

போன வாரம் அம்மாவிடம், சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று நானே சொல்லிவிட்டேன். துடைப்பம் பறக்கும் என்று தயாராக நின்றேன். அவளோ, "இந்த வருஷம் அந்தப் புட்டிங்க நீ பண்ணு" என்றாள்.

இன்று பண்ணினேன், அண்ணி. துண்டுக் காகிதம்தான் வழிகாட்டி. அதனால் 'நை' ஊற்றினேன். அம்மா முதல் துண்டை உங்கள் படத்துக்கு முன் இலையில் வைத்தாள். இரண்டாவது துண்டைக் கையில் எடுத்து, என்னைப் பார்த்தாள்.

"என்னா கொழுப்பு போட்ட?"

"நெய்ம்மா. சூடம் ஏத்தவா?"

"வேணாம், போ. நீ சொன்னா சரி" என்று வாயில் போட்டுக்கொண்டாள்.

அந்தச் சொல்லைக் கீழே போடாமல் வைத்திருக்க வேண்டும், அண்ணி. மற்றபடி நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். நேற்றுக்கூட அண்ணன் செருப்பில் கோந்து தடவினேன். ஆனால் அடுப்பில் என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும், இருப்பதை இருக்கிறபடி சொல்கிறேன். டின்னில் புது ஆரஞ்சுத் தோல் நிரப்பி வைத்திருக்கிறேன், அடுத்த டிசம்பருக்கு. மூடியை மட்டும் இறுக்கி அடைக்கவில்லை.