கூரையை ஒட்டிய பக்கம்

9 ஜூன், திங்கள்

நாஷ்டா முடித்து ஷெட்டைத் திறக்கும்போதே விமலின் போன். அவனுடைய பிக்கப்புக்கு, வண்டி உருண்டாலும் உள்ளே இருப்பவன் நசுங்காமல் காக்கிற பைப் கூண்டு, புது ரோல் கேஜ் வேண்டுமாம், நான்தான் செய்ய வேண்டுமாம். "உன்ன உட்டா யாருகிட்டண்ணே போவேன்? அந்தாளு ஷெட்டு பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்றான்.

அந்தாள் என்றால் பார்த்திபன். ஏழு வருஷம் எனக்கு முதலாளி. போன வருஷம் விமலின் வண்டி கல்குவாரியில் உருண்டது. உள்ளே எங்கள் ஷெட்டில் போட்ட கேஜின் மேல் ஜாயிண்ட் பிய்ந்து அவன் வலது கை நசுங்கியது. மறுநாளே பார்த்திபன் பத்து பேர் முன்னால், "இவன் வெல்டிங்தான் உட்டுச்சு" என்று சொல்லி என்னை வெளியே அனுப்பினான். அன்றிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒருத்தனும் எனக்கு வண்டி வேலை தருவதில்லை. கேட் செய்கிறேன், ஜன்னல் கம்பி செய்கிறேன்.

பைப் மட்டம். அவன் வாங்கிப் போட்ட பைப். தண்ணிக் குழாய்க்குக்கூட லாயக்கில்லாதது. இதை நூறு பேரிடம் சொல்லிவிட்டேன், விமல் ஒருவன்தான் நம்பினான். ஆஸ்பத்திரிக்கு நான் தினமும் போனேன், பார்த்திபன் ஒரே ஒரு நாள் ஆப்பிள் பையோடு வந்து போனான். அதனால்கூட இருக்கலாம்.

ஜூலை ஆறாம் தேதி பள்ளிப்பட்டுப் பக்கம், பாறையிலும் சரிவிலும் வண்டி ஓட்டுகிற போட்டி. பார்த்திபனும் வருவான். வரட்டும்.

12 ஜூன், வியாழன்

முடிவு செய்துவிட்டேன். போல்ட் போட்டு மாட்டுகிற கேஜ். வண்டிக்குள் வெல்டிங்கே கிடையாது. துண்டு துண்டாக மேஜைமேல் வைத்து வெல்டு செய்து, ஒவ்வொரு முனையிலும் கனமான பிளேட் ஒட்டி, பிளேட்டோடு பிளேட் சேர்த்து நாலு போல்ட். ரோட்டில் ஓட்டும்போது கழற்றி வைத்துக்கொள்ளலாம், எஃப்.சி.க்குப் போகும்போது பேஜாரு இல்லை என்று விமலிடம் சொன்னேன்.

உண்மையான காரணம் அது இல்லை. போல்ட் என்றால் எந்த ஜாயிண்டையும் யாரும் கழற்றி, கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கலாம். பார்த்திபன் கையில் நானே ஸ்பேனரைக் கொடுப்பேன். பார்டா என்பேன்.

"வண்டிக்கு செய்றியா, அந்தாளுக்கு செய்றியா?" என்று ஏஞ்சலின் கேட்டாள். ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில்தான் என் பெண்டாட்டி இப்படி எதையாவது கேட்பாள், பதிலுக்கு நிற்க மாட்டாள்.

15 ஜூன், ஞாயிறு

அளவெடுக்கத் திருவாலங்காடு போனேன். டேப்பின் மறுமுனையை விமல் இடது கையால் பிடித்தான். வலது முழங்கை இன்னும் நீளவில்லை, மூன்று விரலில் உணர்ச்சியே இல்லை. இருபத்தாறு வயசு. நாத்து விட்டிருக்கிறார்கள், கழனி வேலை எதுவும் இவனால் ஆகாது. வண்டி மட்டும்தான் ஓட்டுகிறான்.

பழைய கேஜ் பம்ப்செட்டு ரூமுக்குப் பின்னால் கிடக்கிறது, பீர்க்கங்கொடி ஏறிப்போய். பிய்ந்த ஜாயிண்ட் இல்லை. அன்றைக்கு அதை கேஸ் கட்டரால் அறுத்தெறிந்துதான் இவனை வெளியே எடுத்தார்கள். ஆனால் இடது பக்கத்தில் அதன் ஜோடி அப்படியே இருக்கிறது. கிரைண்டரால் வெட்டி எடுத்துக்கொண்டேன்.

"இன்னாத்துக்குண்ணே அது?"

"பைப்போட கனத்த அளந்து, எல்லாருக்கும் காட்டப் போறேன்."

"நானே வீடியோ எடுத்துப் போடறேன்" என்று சிரித்தான்.

18 ஜூன், புதன்

புது பைப் வந்தது. மூன்று இடத்தில் வெர்னியர் வைத்துக் கனம் அளந்து பார்த்தேன். சரி.

22 ஜூன், ஞாயிறு

மத்தியானம் பழைய துண்டை வைஸில் இறுக்கி நெடுக்காக அறுத்தேன். பைப்பின் கனம் இரண்டு புள்ளி ஆறு மில்லி.

ஆர்டரில் சொன்ன அதே அளவு. வெர்னியரைத் துடைத்து மறுபடியும் வைத்தேன். அதே வெர்னியரைப் புது பைப்பில் வைத்தேன். இரண்டும் ஒன்றுதான். பைப் மட்டமில்லை.

பிறகுதான் வெல்டிங்கைப் பார்த்தேன். கீழ்ப்பக்கமும் இரண்டு விலாவும் நன்றாக உருகி ஏறியிருக்கிறது, என் கை எனக்குத் தெரியாதா? மேல்பக்கம், வண்டிக் கூரையை ஒட்டிய பக்கம் — வெல்டிங்கே இல்லை. பெயிண்டுக்கு முன்னால் பூசுகிற பட்டியை வைத்துத் தேய்த்து, மேலே கறுப்பு பெயிண்ட்.

கூரைக்கும் பைப்புக்கும் நடுவில் ஒரு விரல்தான் நுழையும், வெல்டிங் டார்ச் எங்கே போகும்? அதற்கு வழி இருக்கிறது. வண்டியின் தரையில் ஓட்டை போட்டு கேஜை ஒரு ஜாண் கீழே இறக்கி, மேல்பக்கத்தை வெல்டு செய்து, திரும்பத் தூக்கி, ஓட்டையைப் பிளேட் வைத்து மூட வேண்டும். ஒரு நாள் வேலை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

ஞாபகம் இல்லை என்று எழுதலாமா? இதை வேறு யார் படிக்கப் போகிறார்கள்? ஞாபகம் இருக்கிறது. பட்டியைப் பிசைந்தது நான்தான். முக்கால்வாசி சுற்றியிருக்கிறோமே, போதும் என்று நினைத்தேன்.

23 ஜூன், திங்கள்

"நாளைக்கே வண்டி போவணும்" என்று பார்த்திபன் அவசரப்படுத்தினான். அது நிஜம். முதலாளி என்றால் மேலே விரல்விட்டுத் தடவிப் பார்க்க வேண்டாமா? பார்த்தானா? அவனும்தானே —

இன்னாடா பேசிக்கினு இருக்க, பாக்கியநாதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

28 ஜூன், சனி

கேஜ் முடிந்தது. ஒவ்வொரு ஜாயிண்டையும் மேஜைமேல் உருட்டி உருட்டி முழுச் சுற்றும் வெல்டு செய்தேன். ஒரு இடம் விடவில்லை. மாட்டி, அளவாக முறுக்குகிற டார்க் ரெஞ்சால் முறுக்கி, தளர்ந்தால் தெரியும்படி போல்டுக்கெல்லாம் மஞ்சள் கோடு போட்டேன். பன்னிரண்டு ஜாயிண்ட், நாற்பத்தெட்டு போல்ட்.

வண்டியை எடுக்க வந்த விமல், "பழச அளந்தியாண்ணே?" என்றான். இன்னும் இல்லை என்றேன். துண்டு மேஜைக்கடியில் சாக்கில் கிடந்தது.

6 ஜூலை, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். மூன்றாவது சுற்றில், பாறைச் சரிவில் வண்டி பக்கவாட்டில் சாய்ந்து ஒன்றரை உருள் உருண்டு தலைகீழாக நின்றது. விமல் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு தவழ்ந்து வெளியே வந்தான், கீறல்கூட இல்லை. மஞ்சள் கோடு ஒன்றுகூட நகரவில்லை.

ஜனம் கைதட்டியது. விமல் நேராகப் பார்த்திபனிடம் போனான். "பாத்துக்கோ, இதான் கேஜு. நீ எனக்குப் போட்டது தண்ணி பைப்பு. என் கைய வித்து துன்னவன் நீ" என்றான். எல்லார் காதிலும் விழுந்தது. பார்த்திபன் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு நடந்தான். அவனுடைய கஸ்டமர் இரண்டு பேர் என் நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு வருஷமாக இதற்குத்தான் கறுவிக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். திரும்பும்போது ஊத்துக்கோட்டை தாண்டும்வரை நன்றாக இருந்தது.

8 ஜூலை, செவ்வாய்

விமல் போன் செய்தான். வீடியோ தயாராம், பழைய பைப்பின் கனம் மட்டும் தெரிய வேண்டுமாம். "எவ்ளோண்ணே? ஒன்ற மில்லி இருக்குமா? அத்த போட்டா அந்தாளு ஷெட்ட இழுத்து மூடிக்கினு ஊருக்குப் போயிடணும்."

ஆமாம் என்று சொன்னால் போதும். பார்த்திபன் தீர்ந்தான். யார் வந்து அளக்கப் போகிறார்கள்?

"நாளைக்கு நேர்ல வந்து சொல்றேன்" என்றேன்.

9 ஜூலை, புதன்

சாக்கோடு போனேன். பம்ப்செட்டு ரூம் பக்கம் அவனைக் கூட்டிப் போய்த் துண்டைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். என் வெல்டிங், என் பட்டி. போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன்.

இடது கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நகத்தால் பட்டியைச் சுரண்டினான், பொடியாக உதிர்ந்தது. "அப்போ அவ்ளோ பேரு முன்னால அவர நான் இன்னா கேள்வி கேட்டேன்?" என்றான்.

நசுங்கிய தன் கையைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதற்குத்தான் நான் வழியெல்லாம் பதில் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். துண்டைத் திருப்பித் தரவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நானே கிளம்பி வந்துவிட்டேன்.

10 ஜூலை, வியாழன்

ஏஞ்சலினிடம் சொன்னேன். சோறு போட்டுவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினாள்.

13 ஜூலை, ஞாயிறு

பத்து மணிக்கு ஷெட் வாசலில் பிக்கப் வந்து நின்றது. விமல் ஓட்டி வந்தான். பக்கத்து சீட்டில் பார்த்திபன், மடியில் பழைய துண்டு இருந்த அந்தச் சாக்கு.

வாங்க என்றேன். விமல் என் முகத்தைப் பார்க்காமலே, "இந்த கேஜு மட்டும் ஒழுங்குன்னு நான் இன்னாத்த வச்சு நம்பறது? அதான் அவர இட்டாந்தேன்" என்றான்.

உருண்டு பார்த்தாகிவிட்டதே, தாங்கியதே என்று வாய்வரை வந்தது. மேல் ஜாயிண்டின் நாலு போல்டையும் கழற்றி, துண்டை எடுத்து வைஸில் கட்டினேன். எங்கே அறுக்கணும் என்று பார்த்திபன் சாக்பீஸால் கோடு போட்டார். நான் செய்ததிலேயே நல்ல ஜாயிண்ட் அது. அறுத்தேன்.

டார்ச்லைட் அடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுச் சுற்றையும் பார்த்தார். "ஏறியிருக்கு" என்று விமலிடம் நீட்டினார். பிறகு சாக்கைத் தட்டி, "இது என் ஷெட்டுல தொங்கப் போவுது. இன்னா ஏதுன்னு கேட்டா உன் பேரச் சொல்லுவேன்" என்றார். என்னை அவமானப்படுத்தச் சொன்னாரா, வேலை கற்பவர்களுக்காகச் சொன்னாரா, தெரியவில்லை. சொல்லுங்க என்றேன்.

வெட்டிய துண்டை விமல் கீழே வைத்தான்.

"அடுத்தத கழட்டு" என்றார் பார்த்திபன்.

ஸ்பேனரை எடுத்தேன்.