பள்ளத்துப் பக்கத்து கோல்

புரட்டாசி ரெண்டாம் சனி, ராத்திரி.

நாளைக்கு எங்க எஸ்டேட் திடல்ல புட்பால் மேட்ச். சாயந்திரம் சுண்ணாம்புக் கோடு போடப் போனேன். மலைச்சரிவு இறங்குற பள்ளத்துப் பக்கம் இருக்கிற கோல் முன்னால தரை வெடிச்சுக் கிடக்கு. காலையிலதான் கிளப் தலைவர் மாரிமுத்து அதுல பேக்டரி தேயிலைக் கழிவை மூட்டை மூட்டையா கொட்டி மிதிச்சாரு. நாங்க குடியிருக்கிற லயத்து வீடுகளுக்குப் போற பாதையில குழி விழுந்தா நாங்க எப்பவும் அப்படித்தான் அடைப்போம். இப்ப பார்த்தா கொட்டினதுல ஒரு பிடி கூட மேல இல்ல. வெடிப்பும் அகலமாயிருக்கு.

மாரிமுத்துகிட்ட சொன்னேன்.

"திடல் நல்லா இருக்கணும்னு லீக்ல ரூல் கிடையாதுண்ணே. கோடு நேரா இருந்தா போதும் லா"ன்னாரு.

மனுசன் நிக்கிற மண்ணுக்குக் கூட ரூல் போட்டாத்தான் பார்ப்பாங்க போல. நானும் போய் கோட்டைப் போட்டேன். வெடிப்புகிட்ட வந்ததும் சுண்ணாம்பு தரையில நிக்கல. போடப் போட உள்ள போய்க்கிட்டே இருந்துச்சு.

இப்ப மழை வலுக்குது. எங்க கோல்கீப்பர் என் மகன் குமார். அசந்து தூங்குறான். டாஸ்ல எந்தப் பக்கம் கிடைச்சாலும் பாதி ஆட்டம் அவன் அந்தப் பள்ளத்துப் பக்கம்தான் நிக்கணும்.