குடி என்று கத்தியவள்

ஜனவரி 18, ஞாயிறு

முழங்கை இரண்டிலும் பிளாஸ்திரி. பேனா பிடித்தாலே எரிகிறது. ஆனாலும் எழுதாமல் தூக்கம் வராது, கோபம் அப்படி.

தொடரில் மூன்று சைக்கிள் பந்தயங்கள். மொத்தப் புள்ளியில் முந்துகிறவளுக்குக் கோயம்புத்தூர் தொழில்முறை டீமில் இடம், மாதச் சம்பளத்தோடு. முதல் பந்தயத்தில் நான் ஜெயித்தேன். இன்று இரண்டாவது. ராஜபாளையம் டீமின் சிந்துஜா முன்னால், ஸ்ரீவில்லிபுத்தூர் டீமின் நான் அவள் பின்சக்கரத்தை ஒட்டி. வன்னியம்பட்டி விலக்கு தாண்டியதும், "குடி! குடி!" என்று கத்தினாள். நல்ல வெயில், நாக்கு வறண்டு கிடந்தது. ஒரு கையை விட்டுப் பாட்டிலை எடுத்தேன் — இடது பக்கம் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம். அவளும் அவள் டீமும் அழகாக ஒதுங்கிப் போய்விட்டார்கள். நான் மட்டும் பள்ளத்துக்குள்.

அவள் முதலிடம். நான் நொண்டி நொண்டி ஆறாவது.

எங்கள் கோச் ஜெபக்குமார் அண்ணன் அங்கேயே புகார் எழுதினார்: எதிரணியை வேண்டுமென்றே ஏமாற்றினாள். கையெழுத்து நான் போட்டேன். நிரூபணமானால் சிந்துஜா தொடரிலிருந்தே வெளியே, கோயம்புத்தூர் எனக்கு. போகட்டும் சனியன்.

ஜனவரி 20

விசாரணை. தலைமை நடுவர் ஞானரத்தினம் சார் நாகர்கோவில்காரர். சிரிக்கவும் விதி இருந்தால்தான் சிரிப்பார்.

"குடின்னு சொன்னியா?"

"சொன்னேன் சார்," என்றாள் சிந்துஜா. "எங்க வீட்ல தெலுங்கு. குடின்னா வலது பக்கம். என் டீம் பிள்ளைகளுக்குத்தான் சொன்னேன்."

"நல்லா கதை விடுதா," என்றார் அண்ணன்.

முடிவு சனிக்கிழமை. வெளியே வரும்போது அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நீ ஏன்ட்டி குடிச்ச?" என்ன திமிர்!

ஜனவரி 21

ஒருவேளை நிஜமாக இருந்தால்? தெலுங்கில் எனக்கு 'ரா', 'போ' தவிர எதுவும் தெரியாது. சே, இருக்காது.

ஜனவரி 23

சக்கரம் நெளிவெடுக்க ராஜபாளையம் போனேன். கடைக்கு எதிரே பஞ்சு லாரி ஒன்று சந்துக்குள் ரிவர்ஸில் போய்க்கொண்டிருந்தது. பின்னால் நின்ற ஒருவர் கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார்: "எடம... எடம... குடி! குடி!"

டிரைவர் பாட்டிலை எடுக்கவில்லை. 'எடம'வுக்கு இடது பக்கம் ஒடித்திருந்த ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார்.

அங்கேயே நின்று சிரித்தேன், கண்ணீர் வரச் சிரித்தேன். எனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று பயந்து கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். "குடிம்மா," என்றார். அதற்கும் சிரிப்பு.

அண்ணனுக்குப் போன் போட்டு, புகாரை வாபஸ் வாங்கப் போவதாகச் சொன்னேன். "கைக்கு வந்ததை விடுதியேட்டி! கடைசிப் பந்தயத்துல அவ முந்திட்டா?"

முந்தட்டும். பள்ளத்துக்குள் விழுந்து கோயம்புத்தூர் போனேன் என்று யாரிடம் போய்ச் சொல்ல?

ஜனவரி 24

வாபஸ் வாங்கியாச்சு. சிந்துஜா வாசலிலேயே நின்றாள்.

"எதிராளி குடின்னா குடிச்சிருவியாட்டி?"

"தாகமா இருந்துச்சுட்டி!"

நாங்கள் சிரித்த சிரிப்பில் ஞானரத்தினம் சார் வெளியே வந்துவிட்டார். வந்தவர் சும்மா போகவில்லை. புது விதி: எதிரணிக்குப் புரியாத சொல்லால் எச்சரித்தால் புள்ளி கழிக்கப்படும். முதல் பந்தயத்தில் அவள் பின்தங்கியதால் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே புள்ளி; கடைசிப் பந்தயத்தில் எங்களில் யார் முந்துகிறோமோ அவளுக்கே இடம்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்றும் தூக்கம் வரவில்லை. சந்தோஷம்தான்.

கடைசி நேர் ரோடு. சிந்துஜா எனக்குச் சற்று முன்னால், தலையைக் குனிந்து மிதிக்கிறாள். இடது ஓரத்து மந்தையிலிருந்து ஒரு கிடாக்குட்டி துள்ளி ரோட்டுக்கு வந்தது. 'வலது' என்று கத்த வேண்டியவள் "குடி!" என்று கத்திவிட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அப்படியே வலது பக்கம் சாய்ந்தாள். நானும். குட்டி தப்பித்தது. பொறவு மிதித்தோமே ஒரு மிதி! அரைச் சக்கரம் நான் முந்தினேன்.

பின்னால் பைக்கில் வந்த ஞானரத்தினம் சார் இறங்கினார். "புது விதியை மொதல்ல மீறுனது நீதாம்மா." புள்ளி கழித்தால் இடம் சிந்துஜாவுக்கு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா நான்?

சிந்துஜா மூச்சு வாங்கிக்கொண்டே வந்தாள். "சார், எதிரணிக்குப் புரியாத சொல்லுன்னுதான விதி? எனக்கு நல்லாப் புரிஞ்சுதே!"

சார் தான் எழுதிய விதியைத் தானே இரண்டு தடவை படித்தார். பிறகு விதி எதுவும் இல்லாமலே சிரித்தார். புள்ளி கழியவில்லை.

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். இந்த மனசு எனக்கு வருமா, தெரியவில்லை. "அடுத்த வருசம் அந்த எடம் எனக்கு, பாத்துக்கோ," என்றாள். "எடமா, குடியா?" என்றேன். முதுகில் ஒன்று வைத்தாள்.

மார்ச் 2

கோயம்புத்தூர். புது டீமோடு முதல் நாள் பயிற்சி. நான்தான் முன்னால். ஒரு வளைவில் இடது பக்கம் மணல் சிதறிக் கிடந்தது — வாயில் "குடி!" வந்துவிட்டது. மணல் கொஞ்சம்தான், யாரும் விழவில்லை. ஸ்தோத்திரம். ஆனால் திரும்பிப் பார்த்தால், பின்னால் வந்த மூன்று பேர் கையிலும் பாட்டில்.